நூற்றுப் பன்னிரண்டாவது யானை

"காதைப் பிடிச்சு இழுக்கப் போறீங்களா?"

"ஆமாங்க. ஒன்பது கிலோ தொங்கவிட்டா எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு. பத்து வினாடி."

"பாவம். கேட்க நாதியில்லாத யானைன்னு நினைச்சீங்களா?"

"ஒரு குழந்தை கோபத்துல இழுத்தா இது பிய்யக் கூடாது பாருங்க. பிஞ்சா உள்ளே இருக்கற பஞ்சு நேரா வாய்க்குப் போயிடும். அதனால குழந்தைக்கு முன்னாடி நான் இழுத்துப் பார்த்துடறேன். அவ்வளவுதான் என் உத்தியோகம்."

"மனசு வலிக்காதா உங்களுக்கு?"

"வலிக்கும். படிவத்துல அதுக்குக் கட்டம் இல்லை."

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். தான் என்ன சொல்லிவிட்டோம் என்று அவனுக்கு விளங்கவில்லை. இயந்திரத்தின் கிடுக்கியில் யானையின் இடது காதை மாட்டி, ஒன்று, இரண்டு என்று எண்ண ஆரம்பித்தான். மூன்றாவது எண்ணிலிருந்து அவளும் சேர்ந்துகொண்டாள். பத்து. காது அசையவில்லை.

பிறகு படிவத்தின் கடைசி வரியை, விதிப்படி, சத்தமாகப் படித்தான்.

"வேறு கோரிக்கை ஏதும் உண்டா?"

அவள் ஒரு கணம் யோசித்துவிட்டு, "இல்லைங்க" என்றாள்.

இதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முந்தைய கதை. அன்று காது இழுபட்ட அதே யானை, இன்று புதன்கிழமை காலை ஏழரை மணிக்கு, மாடி பால்கனியில் துணிக் கொடியில் இரண்டு காதிலும் கிளிப் மாட்டித் தொங்கிக்கொண்டிருந்தது. தும்பிக்கையின் நுனியிலிருந்து சொட்டுச் சொட்டாகச் சோப்புத் தண்ணீர்.

"அக்கா!" என்று அலறினான்.

"ஏன்டா கத்தறே? இன்னிக்குப் பெரிய மனுஷங்க வராங்கன்னு சொன்னியே. உன் கட்டில் பக்கத்துல ஒரே தூசியா உட்கார்ந்திருந்துச்சு. துவைச்சுப் போட்டேன்."

"அது சோதனைக்கு வந்த மாதிரிப் பொருள் அக்கா! முதல் சோதனையில தேறின பொருள். வந்தது வந்தபடியே வெச்சிருக்கணும்!"

"அப்படின்னா அலமாரியில பூட்டி வெச்சிருக்கணும். உன் தலைமாட்டுல என்ன வேலை அதுக்கு?"

இதற்கு அவனிடம் பதில் இருந்தது. ஐந்து மாதத்துக்கு முன்பு மழையில் கீழ்த்தள அலமாரிக்குப் பக்கத்து ஜன்னல் ஒழுகியது. ஒரு நாளைக்கு மட்டும் என்று மாடிக்குக் கொண்டு வந்தான். ஜன்னலை மறுநாளே சரிசெய்துவிட்டார்கள். யானை மட்டும் கீழே இறங்கவில்லை. இதில் முதல் பாதியைத்தான் அக்காவிடம் சொன்னான்.

அக்கா அவனை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "சரி, அடையாளச் சீட்டு எங்கேன்னு கேட்காதே" என்றாள். "அதையும் சேர்த்துத்தான் துவைச்சேன்."

மாடியில் வீடு, கீழே இரண்டு அறைகளில் பொம்மைச் சோதனைக்கூடம். அக்கா கணக்கு வாத்தியார் வேலையை விட்டுவிட்டுத் தம்பியோடு சேர்ந்து ஆரம்பித்தது. உருளும் பொம்மை, அழும் பொம்மை, கிலுகிலுப்பை எல்லாமே அங்கே வந்து கீழே விழும், இழுபடும், நசுங்கும். தப்பித்தவை சான்றிதழோடு கப்பல் ஏறும். காதிழுப்பதில் மன்னன் என்பதால் வாடிக்கையாளர்கள் அவனைக் 'காது சார்' என்றார்கள். நாம் காதுக்காரன் என்றே வைத்துக்கொள்வோம். ஏனென்றால் அந்த முதல் யானையைக் கொண்டுவந்தவள் பெயரும் இந்த வீட்டில் யானைக்காரிதான். பதினான்கு பெண்களோடு துணி யானை தைக்கும் பட்டறை அவளுடையது.

அவள் அன்றோடு நிற்கவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமையும் ஒரு யானையோடு வந்தாள். அதற்கடுத்த செவ்வாயும். "துறைமுகத்துல மறுபடியும் கேட்கறாங்க சார்" என்பாள் வருத்தமாக.

கேட்கத்தான் செய்வார்கள். சட்டம் அப்படி. அங்கீகாரம் இல்லாத ஆய்வகம் கொடுத்த தாளைத் துறைமுகத்தில் ஏற்றுக்கொண்டாலும் கொள்ளலாம், மறுபடி சோதித்து வா என்றாலும் சொல்லலாம். கீழ்த்தெருப் பால்புட்டிக்காரர் அப்படி இரண்டு கப்பலைத் தவறவிட்டவர். ஆனால் வாராவாரம் ஒரே யானையைத் திருப்பி அனுப்பும் அநியாயம் வேறு எங்கும் நடக்கவில்லை. முகம் தெரியாத அந்தத் துறைமுக அதிகாரிக்கு அக்காவும் தம்பியும் 'மறுபடியும்' என்று பெயர் வைத்தார்கள்.

காதுக்காரனுக்குக் கோபம் வருவது அபூர்வம். வந்தால் எழுத்தில்தான் வரும். ஒன்றரை வருஷத்துக்கு முன்பு நாலு பக்கத்தில் ஒரு கடிதம் எழுதினான். ஒரு யானைக்கு இருப்பது இரண்டே காதுதான், அதை எத்தனை முறைதான் இழுப்பது என்று ஆரம்பித்து, சோதனை ஒரு முறை, நம்பிக்கை எல்லா இடத்திலும் என்று முடித்திருந்தான். ஒரு பிரதி ஆய்வகங்களுக்கு அங்கீகாரம் கொடுக்கும் மன்றத்துக்கு, இன்னொன்று துறைமுகத்துக்கு. வாடிக்கையாளர் விவரம் ரகசியம் என்பதால் யாருடைய யானை என்று மட்டும் எழுதவில்லை.

கடிதம் குப்பைக்குப் போகவில்லை. இரண்டு அலுவலகங்களும் உட்கார்ந்து பேசின. மன்றம் அங்கீகரிக்கும் ஆய்வகத்தின் தாளைத் துறைமுகம் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்ளும், அதற்கு முன் இரு தரப்பும் சேர்ந்தே போய் ஆய்வகத்தைப் பார்த்துவிடும் என்று கையெழுத்துப் போட்டார்கள். முதல் ஆய்வகம் இவனுடையது. நாள் இன்று. நேரம் பத்து மணி.

"இன்னிக்குத் தேறிட்டா அந்தப் பொண்ணுக்கு நிம்மதிடா" என்றாள் அக்கா, யானையைப் பிழிந்துகொண்டே. "இனிமே வாராவாரம் அலைய வேண்டாம். வருஷத்துக்கு ஒரு தடவை வந்தாப் போதும்."

காதுக்காரன் நின்றுவிட்டான்.

"வருஷத்துக்கு ஒரு தடவையா?"

"பின்னே? அதுக்குத்தானே நாலு பக்கம் எழுதினே?"

ஆமாம், அதற்குத்தான் எழுதினான். அவளுக்கு அலைச்சல் தீர வேண்டும் என்று ஒன்றரை வருஷமாக இராப்பகல் பாராமல் உழைத்தான். அலைச்சல் தீர்ந்தால் அவள் வரமாட்டாள் என்கிற சின்னக் கணக்கை மட்டும் போட மறந்துவிட்டான். மனதில் இரண்டு வருஷமாக ஒரு கேள்வி கிடந்தது. அதைக் கேட்க அடுத்த செவ்வாய் இருக்கிறதே, அடுத்த செவ்வாய் இருக்கிறதே என்று தள்ளிப்போட்டு வந்தவனுக்கு, இன்று முதன்முதலாகச் செவ்வாய்க்கிழமைகள் தீர்ந்துபோகும் சரக்கு என்று தெரிந்தது.

"யானையைக் கொடு" என்று வாங்கிக்கொண்டு கீழே ஓடினான்.

ஆய்வகத்தில் ஒரு வெப்பப் பெட்டி உண்டு. பொம்மைகளைச் சோதிக்கும் முன் ஒரே சீரான சூட்டில் வைப்பதற்கு. ஈர யானையை அதில் உட்காரவைத்துச் சூட்டைக் கூட்டினான். முக்கால் மணி நேரத்தில் யானை காய்ந்தது. காய்ந்ததோடு விட்டிருக்கலாம். உள்ளே இருந்த பஞ்சு உப்பி, ஒல்லியாகப் போன யானை சீமந்தத்துக்குக் காத்திருக்கும் பெண்போலத் திரும்பி வந்தது. அதன் பெட்டியில் அடைத்தால் மூடி மேலே எழும்பியது.

"நல்லா இருக்கே. புஷ்டியா" என்றாள் அக்கா.

"அங்கே பார்" என்றான் அவன் பலவீனமாக.

வெப்பப் பெட்டியின் நெற்றியில் ஒரு வட்டத் தாளும் ஒரு சின்னப் பேனாவும் இருந்தன. உள்ளே என்ன சூடோ அதைப் பேனா நிற்காமல் வரைந்துகொண்டே இருக்கும். மாசக்கணக்காகச் சமதரையாக ஓடிய கோடு, இன்று காலை எட்டு மணிக்குக் கிளம்பி மேலே ஏறி, வளைந்து, இறங்கியிருந்தது. அசப்பில் யானையின் முதுகு.

"இதை மறைச்சுட்டாப் போச்சு" என்று அக்கா சுவரிலிருந்த நாட்காட்டியைக் கழற்றிப் பெட்டியின் நெற்றியில் மாட்டினாள்.

காதுக்காரனுக்குப் பொய் பேச ஓரளவு வரும். பொய் எழுத மட்டும் வராது. பதிவேட்டைத் திறந்து, காலை 8.00, வெப்பப் பெட்டி, காரணம் என்ற இடத்தில் 'துவைக்கப்பட்ட யானையைக் காயவைத்தல்' என்று எழுதிக் கையெழுத்தும் போட்டுவிட்டான்.

அக்கா எட்டிப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டாள். "நான் நாட்காட்டி மாட்டறேன். நீ வாக்குமூலம் எழுதறே. நாம ரெண்டு பேரும் ஒரே கட்சிதானாடா?"

"பக்கத்துக்கு நம்பர் போட்டிருக்கு அக்கா. கிழிக்க முடியாது."

"கிழிக்கச் சொல்லலை. பேனாவைக் கையில எடுக்காதேங்கறேன்."

மணி ஒன்பது பத்து. முதல் தொகுப்பில் தைத்த யானை இன்னொன்று பட்டறையில் இருக்கும். அதைக் கொண்டுவந்து வைத்தால், குறைந்தபட்சம் அசல் எப்படி இருந்தது என்று காட்டலாம். காதுக்காரன் தொலைபேசியை எடுத்தான், வைத்தான், எடுத்தான்.

"எண் தெரியாதா?" என்றாள் அக்கா.

"தெரியும்."

"ரெண்டு வருஷத்துல முதல் தடவையா அந்தப் பொண்ணுக்கு போன் பண்றே. அதுவும் யானை வேணும்னு. உன்னை மாதிரி ஒருத்தன் கிடைக்கமாட்டான்டா."

மறுமுனையில் அவள் குரல் கேட்டதும் இவன் எழுந்து நின்றுகொண்டான். "நான் ஆய்வகத்துலேர்ந்து… காது…"

"தெரியுது சார். என்ன ஆச்சு? உடம்புக்கு ஒண்ணும் இல்லையே?"

"எனக்கில்லைங்க. யானைக்கு."

"அரை மணி நேரத்துல வரேன்" என்று அவள் வைத்துவிட்டாள். என்ன ஏது என்று கேட்கவே இல்லை.

பத்துக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போதே விருந்தாளிகள் வந்துவிட்டார்கள். மன்றத்திலிருந்து வந்த மதிப்பீட்டாளர் அம்மாள் கனமான கண்ணாடியும் மெல்லிய குரலுமாக இருந்தார். எதைப் பார்த்தாலும் 'எங்கே எழுதியிருக்கு?' என்று கேட்கும் பழக்கம் அவருக்கு. பின்னால், தடித்த ஒரு பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு, நடந்து வந்த களைப்பில் துறைமுக அதிகாரி, ஒரு ஒல்லி மனிதர். 'மறுபடியும்' என்றால் மீசை முறுக்கிய ஆளாக இருப்பார் என்று காதுக்காரன் இரண்டு வருஷமாகக் கற்பனை செய்திருந்தான். இவரோ செருப்பை வெளியே விடவா உள்ளே விடவா என்று மூன்று தடவை கேட்டார்.

"உங்க கடிதம்தான் எங்க கூட்டத்துல முதல்ல படிச்சோம்" என்றார் மதிப்பீட்டாளர். "அந்தக் கடைசி வரியை ஒப்பந்தத்தோட முதல் வரியாவே போட்டுட்டோம்."

"நான்தான் உங்களுக்கு நன்றி சொல்லணும்" என்றார் துறைமுக அதிகாரி. "எங்ககிட்ட சோதிக்க ரெண்டே ரெண்டு பேர் சார். நல்ல சரக்கையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கிட்டு, நிஜமா ஆபத்தான சரக்கைப் பார்க்க நேரமில்லாம இருந்தோம். போன மாசம் ஒரு கிலுகிலுப்பை, உள்ளே கண்ணாடித் துண்டு. அன்னிக்குக் கொஞ்சம் நேரம் இருந்ததால பிடிச்சோம்."

காதுக்காரனுக்கு மனம் இளகத்தான் பார்த்தது. இறுக்கிக்கொண்டான். "இருந்தாலும் சார், ஒரு யானையைப் போய் நீங்க இவ்வளவு சந்தேகப்பட்டிருக்க வேண்டாம்."

"எந்த யானை சார்?" என்றார் அதிகாரி.

எப்படி நடிக்கிறார் பார் என்று நினைத்துக்கொண்டான்.

மதிப்பீட்டாளர் அதற்குள் வெப்பப் பெட்டி முன்னால் நின்றிருந்தார். "இந்த நாட்காட்டி கருவியோட பாகமா?"

"இல்லைங்க" என்றான் அவன்.

"ஆமாங்க" என்றாள் அக்கா.

அவர் நாட்காட்டியைத் தூக்கிப் பார்த்தார். யானையின் முதுகைக் கொஞ்ச நேரம் ரசித்தார். ஒன்றும் சொல்லாமல் மறுபடி மூடினார். சொல்லியிருந்தால்கூடத் தேவலை என்று காதுக்காரனுக்கு இருந்தது.

அந்த நேரம் பார்த்து யானைக்காரி வந்து சேர்ந்தாள். மூச்சு வாங்க, தலையில் நூல் பிசிறுகளோடு, துவாலையில் சுற்றிய எதையோ கைக்குழந்தை மாதிரி தோளில் சாய்த்துக்கொண்டு.

"இவங்க யாரு? ஊழியரா?" என்றார் மதிப்பீட்டாளர். "ஊழியர்னா பயிற்சிப் பதிவு பார்க்கணும்."

"இல்லையில்லை" என்று அக்கா முந்திக்கொண்டாள். "நம்ம குடும்பத்துப் பொண்ணுதாங்க."

துவாலை நழுவியது. தும்பிக்கை வெளியே வந்தது.

மதிப்பீட்டாளர் கண்ணாடியைக் கழற்றினார். "யானை தயாரிக்கறவங்களா? வாடிக்கையாளரா? அவங்க உங்க குடும்பமா? அப்ப அவங்க பொருளை நீங்களே சோதிச்சு நீங்களே சான்றிதழ் கொடுத்தீங்களா? பாரபட்சம் இல்லைன்னு எங்கே எழுதியிருக்கு?"

காதுக்காரனுக்குக் காலையிலிருந்து நடந்ததெல்லாம் காலடியில் வந்து விழுந்ததுபோல இருந்தது. ஆய்வகத்தில் எந்தப் பொய்யும் அரை மணி நேரத்துக்குமேல் நிற்காது போலிருந்தது. மேசையருகே போனான். குண்டு யானையை எடுத்து மேசையில் வைத்தான். யானைக்காரி கொண்டுவந்த ஒல்லி யானையை வாங்கிப் பக்கத்தில் வைத்தான்.

"மேடம், இவங்க எங்க குடும்பம் இல்லை. எங்க அக்காவுக்கு ஆசை, சொல்லிட்டாங்க. இந்தக் குண்டு யானைதான் மாதிரி எண் ஒன்று. அலமாரியில இருக்க வேண்டியது என் தலைமாட்டுல இருந்துச்சு. அக்கா துவைச்சாங்க, நான் காயவெச்சேன். சீட்டு கரைஞ்சுபோச்சு. இந்த ஒல்லி யானை இன்னிக்கு வரவழைச்சது. தப்பு அலமாரியிலயோ அக்காகிட்டயோ இல்லை. என்கிட்ட. இந்த ஆய்வகத்துக்கு நீங்க அங்கீகாரம் தராட்டியும் பரவாயில்லை. ஆனா இவங்க சரக்கு இனிமே அலையக் கூடாது. காதுல ஒரு குறையும் இல்லை."

'பரவாயில்லை' என்று சொல்லும்போது அவனுக்குள் ஒரு மூலையில் சின்னச் சந்தோஷம் எட்டிப் பார்த்தது உண்மை. அங்கீகாரம் இல்லையென்றால் செவ்வாய்க்கிழமை உண்டு. அந்தச் சந்தோஷத்தை அவன் காதைப் பிடித்துத் திருப்பி அனுப்பினான்.

யானைக்காரி குண்டு யானையையே பார்த்துக்கொண்டிருந்தாள். "தலைமாட்டுலயா?" என்றாள் மெதுவாக.

மதிப்பீட்டாளர் பதிவேட்டைத் திறந்தார். இன்றைய பக்கத்தில் விரல் நின்றது. 'துவைக்கப்பட்ட யானையைக் காயவைத்தல்.' இரண்டு தடவை படித்தார். அவர் தோள் லேசாகக் குலுங்கியது.

"இருபத்திரண்டு வருஷமா ஆய்வகங்களைப் பார்க்கறேன். தப்பு நடக்காத ஆய்வகத்தை நான் பார்த்ததே இல்லை. தப்பை எட்டு மணிக்கே எழுதி வெச்ச ஆய்வகத்தை இன்னிக்குத்தான் பார்க்கறேன்." பேனாவைத் திறந்தார். "அலமாரிக்கு ஒரு சின்னக் குறிப்பு போடறேன். ஒரு மாசத்துல சரிபண்ணிடுங்க. மத்தபடி எனக்குத் திருப்தி."

அக்கா அப்படியே நாற்காலியில் உட்கார்ந்து, "நல்லா இருப்பீங்கம்மா" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள முந்தானை ஓரத்தைத் தேடினாள்.

வாசலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த பால்புட்டிக்காரர், யாரும் கூப்பிடாமலே உள்ளே வந்து, காதுக்காரன் கையையும் துறைமுக அதிகாரி கையையும் ஒன்றாகப் பிடித்துக் குலுக்கினார். "என் புட்டி இந்தக் கப்பல்லயே போயிடும் சார். உங்க ரெண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலை" என்றார். யாருக்கு எந்தக் கை என்று தெரியாமல் மூவரும் கொஞ்ச நேரம் குலுங்கினார்கள்.

காதுக்காரனும் சிரித்தான். நிறைவாகத்தான் இருந்தது. அடுத்த செவ்வாய் காலை பத்து மணிக்கு இந்த அறை எப்படி இருக்கும் என்று மட்டும் நினைக்காமல் இருக்கப் பார்த்தான். யானைக்காரியிடம், "இனிமே உங்களுக்கு அலைச்சல் இல்லைங்க" என்றான்.

"ஆமாம் சார்" என்றாள் அவள். நன்றி என்றும் சொன்னாள். ஆனால் அலைச்சல் தீர்ந்தவள் முகமாக அது இல்லை.

"ஒரே ஒரு கடைசி வேலை" என்றார் மதிப்பீட்டாளர். "ஒரு பொருளை எடுத்து, அது உங்க வாசல்ல நுழைஞ்சதுலேர்ந்து கப்பல் ஏறற வரைக்கும் காகிதத்துலயே பின்னாடி போய்ப் பார்க்கணும். பாதி வழி உங்க பதிவேடு, மீதி வழி சாரோட பதிவேடு. ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வெச்சுப் பார்க்கறது இதுவே முதல் தடவை. யானையையே எடுத்துக்கலாம், கையிலயே இருக்கு."

அதிகாரி தன் தடித்த பதிவேட்டை மேசையில் விரித்தார். மதிப்பீட்டாளர் காதுக்காரனுடைய பதிவேட்டில் விரல் ஓட்டினார். ஒரு பக்கம், இரண்டு பக்கம், பத்துப் பக்கம்.

"செவ்வாய்… செவ்வாய்… செவ்வாய்… என்ன இது? ஒரே யானை. ஒரே அளவு, ஒரே துணி. நூற்றுப் பதினோரு தடவை தேறியிருக்கு. முதல் தடவையே தேறிடுச்சே, அப்புறம் எதுக்கு?"

"அதைத்தான் மேடம் நாலு பக்கம் எழுதினேன்!" காதுக்காரன் இரண்டு வருஷத்துக் கோபத்தையும் ஒரு விரலில் திரட்டி அதிகாரியை நோக்கி நீட்டினான். "சாரைக் கேளுங்க. வாராவாரம் மறுபடியும், மறுபடியும்னு திருப்பி அனுப்பினது இவங்க அலுவலகம்!"

துறைமுக அதிகாரி தன் பதிவேட்டை ஒரு முறை பார்த்தார். கண்ணைக் கசக்கிக்கொண்டு இன்னொரு முறை பார்த்தார். பிறகு, செருப்பை எங்கே விடுவது என்று கேட்ட அதே குரலில், யாருக்கும் நோகக் கூடாது என்பதுபோலச் சொன்னார்:

"இல்லை சார். புட்டியைத் திருப்பி அனுப்பியிருக்கோம், கிலுகிலுப்பையைத் திருப்பி அனுப்பியிருக்கோம். இந்த யானையை நாங்க ஒரு தடவைகூட மறுபடி கேட்டதில்லையே. முதல் சான்றிதழையே ஏத்துக்கிட்டோம், ரெண்டு வருஷத்துக்கு முன்னாடியே."

எல்லாரும் யானைக்காரியைப் பார்த்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. குண்டு யானையின் இடது காதை நீவிவிட்டுக்கொண்டிருந்தாள்.

காதுக்காரனுக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கை தானாக ஒரு வெற்றுப் படிவத்தை எடுத்தது. மாதிரி எண் நூற்றுப் பன்னிரண்டு என்று எழுதியது. பொருள், துணி யானை. நாள், புதன். கடைசி வரிக்கு வந்ததும், வேறு எதுவும் பேச வராததால், விதிப்படி அதைச் சத்தமாகப் படித்தான்.

"வேறு கோரிக்கை ஏதும் உண்டா?"

"இருக்கு" என்றாள் அவள். தலை நிமிர்ந்தாள். "செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துட்டுப் போறது எனக்குப் போதலை. மீதி ஆறு நாளும் நான் இங்கேயே இருந்துக்கட்டுமா?"